பயந்த இளங்குதிரையைத் தனிச் சவாரிக்குப் பழக்குதல்: குமரி மாவட்டச் சூழலுக்கான முழு வழிகாட்டி

லாயத்துக்குள் சொன்னபடி கேட்கும் நாலு வயதுக் குதிரை, கேட்டைத் தாண்டி நூறடி போனதும் கழுத்தைத் தூக்கிக் காதை விறைத்துக்கொண்டு வீட்டுப் பக்கம் சுழல்கிறது. இன்னொரு குதிரை முன்னால் போனால் அதே வழியில் அமைதியாக நடக்கிறது. இதைப் பிடிவாதம் என்று நினைத்துச் சவுக்கை எடுப்பவர்கள்தான் அதிகம். குதிரை கூட்டமாக மேய்ந்து, ஓடித் தப்பியே பிழைத்த விலங்கு. கூட்டத்தில் இருக்கும்போது பல கண்கள் காவல் பார்க்கும். தனியே வந்தால் அந்தக் காவல் முழுவதும் அதன் தலையில் விழுகிறது. மேலே உட்கார்ந்திருப்பவர் அந்தப் பொறுப்பை எடுத்துக்கொள்வார் என்று அது நம்பும்வரை தனிச் சவாரி அதற்குத் தண்டனைதான்.

அந்த நம்பிக்கை வர ஒரு விதியை விடாமல் கடைப்பிடிக்க வேண்டும்: குதிரை திரும்பிப் போகக் கேட்பதற்கு முன்பே நீங்களாகத் திருப்பிவிடுங்கள். அது கேட்டு, மல்லுக்கட்டி, அதன் பிறகு திரும்பினால், மல்லுக்கட்டினால் வீடு கிடைக்கும் என்று படிக்கும். அமைதியாக இருக்கும்போதே திரும்பினால், அமைதியாக இருந்தால் வீடு கிடைக்கும் என்று படிக்கும். கீழே சொல்வது அத்தனையும் இந்த விதியைச் சுற்றித்தான் வருகிறது.

முதலில் வலியைத் தேடுங்கள்

பயம் என்று நாம் நினைப்பது பல நேரம் வலியாக இருக்கும். இரண்டரை வயதிலிருந்து ஐந்து வயதுவரை பால்பற்கள் விழுந்து நிரந்தரப் பற்கள் முளைக்கின்றன. அந்தக் காலத்தில் வாயில் கடிவாள இரும்பு படுவதே சில குதிரைகளுக்கு வேதனை. கடைவாய்ப் பற்களுக்கு முன்னால் சின்னதாக ஓநாய்ப்பல் முளைத்திருந்தால், லகானை இழுக்கும்போதெல்லாம் இரும்பு அதில் இடிக்கும். கால்நடை மருத்துவரிடம் வாயைத் திறந்து காட்டிய பிறகே பயிற்சியைத் தொடங்குங்கள்.

அடுத்து சேணம். சவாரி முடிந்து கழற்றியதும் முதுகில் வியர்வைத் தடத்தைப் பாருங்கள். சுற்றிலும் நனைந்து நடுவில் ஓரிடம் மட்டும் காய்ந்திருந்தால் அங்கே அழுத்தம் அதிகம். முதுகெலும்பின் இரண்டு பக்கமும் விரல்களால் மெதுவாக அழுத்திக்கொண்டே போங்கள். எங்காவது முதுகைத் தாழ்த்தினாலோ தோலைச் சிலிர்த்தாலோ அன்று சவாரி வேண்டாம். இளங்குதிரை வளர்ந்துகொண்டே இருப்பதால் ஆறு மாதத்துக்கு முன் பொருந்திய சேணம் இன்று பொருந்தாது. முதுகெலும்பின் வளர்ச்சி முடிய ஐந்து வயது தாண்டும். ஏறுபவர், சேணம் எல்லாம் சேர்ந்த எடை குதிரை எடையில் 15 முதல் 20 சதவீதத்துக்குள் இருக்கட்டும். 350 கிலோ குதிரைக்கு அது சுமார் 52 முதல் 70 கிலோ. நாலு வயதுக்குக் கீழே என்றால் வெளிச் சவாரியே வேண்டாம். கையில் பிடித்து நடத்துங்கள், அது போதும்.

தீனியையும் பாருங்கள். வேலை குறைவாக இருக்கும்போது கொள்ளுப்பயறை அள்ளிக் கொட்டினால் அந்தச் சூடு எங்காவது வெளியே வந்துதான் தீரும். நல்ல புல் கிடைக்கும்போது லேசான வேலை செய்யும் 350 கிலோ குதிரைக்கு ஒரு கிலோவுக்கு மேல் கொள்ளு போன்ற அடர்தீவனம் தேவையில்லை. உலர்புல் கணக்கில் நாளொன்றுக்கு 5 முதல் 7 கிலோ வேண்டும். பச்சைப்புல் என்றால் அதைப்போல நாலைந்து மடங்கு. வெறும் வைக்கோலில் சத்துப் போதாது. குதிரையின் வயிற்றில் அமிலம் நாள் முழுவதும் சுரக்கும். வெறும் வயிற்றோடு ஓட்டினால் அது மேலே தெறித்து இரைப்பையைப் புண்ணாக்கும், புண்ணுள்ள குதிரை எதற்கும் சிடுசிடுக்கும். புறப்படுவதற்கு அரை மணி நேரம் முன்பு ஒன்றிரண்டு கிலோ புல் போடுவதை வழக்கமாக்குங்கள்.

முற்றத்திலேயே முடிக்க வேண்டியவை

வெளியே போகுமுன் குதிரைக்கு ஐந்து பாடங்கள் உறுதியாகத் தெரிந்திருக்க வேண்டும்: லேசான கால் அழுத்தத்துக்கு முன்னே போவது, குரலுக்கும் லகானுக்கும் நிற்பது, இரண்டு மூன்று அடி பின்னே வருவது, ஒரு பக்கம் காலை அழுத்தினால் பின்புறத்தை மறுபக்கம் நகர்த்துவது, சொன்ன இடத்தில் அரை நிமிடம் அசையாமல் நிற்பது. ஒவ்வொன்றிலும் குதிரை பதில் சொன்ன அந்த நொடியே அழுத்தத்தை விட்டுவிட வேண்டும். மூன்று நொடி தாமதித்து விட்டால், அந்த மூன்றாவது நொடியில் அது என்ன செய்துகொண்டிருந்ததோ அதைத்தான் சரியென்று எடுத்துக்கொள்ளும். பாராட்டக் கழுத்தில் படபடவென்று தட்டாதீர்கள். பிடரி மயிர் முடியும் தோள்மேட்டில் நகத்தால் சொறிந்துகொடுங்கள். குதிரைகள் ஒன்றுக்கொன்று சொறிந்துகொள்ளும் இடம் அது. அங்கே சொறிந்தால் இதயத் துடிப்பே தணியும்.

நின்ற இடத்தில் நிற்கும் பாடத்தைப் பலர் அவசரப்பட்டு விட்டுவிடுகிறார்கள். சாலையில் பாரம் ஏற்றிய பெரிய டாரஸ் லாரிக்கு வழிவிட்டு ஒதுங்க வேண்டிய ஊரில் அதைவிட முக்கியமான பாடம் வேறில்லை.

பிரிவைப் பழக்குதல்

தனிச் சவாரியின் முதல் பாடம் சேணம் போடாமலே தொடங்குகிறது. லாயத்தில் இரண்டு குதிரை இருந்தால், புல் தின்றுகொண்டிருக்கும்போது துணைக்குதிரையைக் கண்ணில் படும் தூரத்துக்கு ஒரு நிமிடம் கூட்டிப்போய்த் திரும்பக் கொண்டுவாருங்கள். இளங்குதிரை தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டு மறுபடி புல்லில் வாய் வைத்தால் நேரத்தைக் கூட்டலாம். கனைத்துக்கொண்டே நடந்தால் நேரம் அதிகமாகிவிட்டது, பாதியாக்குங்கள். கண்ணில் படாத இடத்துக்குப் போவது அடுத்த கட்டம். பத்து நிமிடம் துணை இல்லாமல் நிம்மதியாகத் தின்னும்வரை வெளியே கூட்டிப்போவதில் பயனில்லை.

குமரி மாவட்டத்தில் ஒற்றைக் குதிரை வைத்திருப்பவர்கள் உண்டு. அப்படி வளரும் குதிரைக்கு லாயமும் ஆட்களும்தான் கூட்டம். ஒரு மாடோ ஆடோ பக்கத்தில் கட்டினால் அதன் மனம் கொஞ்சம் அமைதியாகும். ஆனால் பிறகு அந்த ஆட்டைப் பிரியவும் மேலே சொன்ன மாதிரியே பழக்க வேண்டும்.

கையில் பிடித்து வழி காட்டுதல்

இந்தக் கட்டத்துக்கு மூன்று நாலு வாரம் ஒதுக்குங்கள். பின்னால் மிச்சமாகும் நேரம் அதைவிடப் பெரியது. ஹால்ட்டரில் (வாயில் இரும்பில்லாத தலைவாரில்) மூன்றரை, நாலு மீட்டர் கயிறு, கையில் உறை, காலில் மூடிய ஷூ. கயிற்றைக் கையில் ஒருபோதும் சுற்றிக்கொள்ளக் கூடாது, மடித்துப் பிடியுங்கள். குதிரை பாய்ந்தால் சுற்றின கயிறு விரலோடு போய்விடும். நீங்கள் அதன் தோளுக்கு நேராக, ஒரு கை நீளம் தள்ளி நடங்கள். நேர் முன்னால் நடந்தால், அது மிரண்டு தாவும்போது உங்கள் மேல்தான் தாவும். நெற்றிக்கு நேர் முன்னாலும் மூக்குக்குக் கீழும் வாலுக்குப் பின்னாலும் அதற்குப் பார்வை கிடையாது.

நம் சாலையில் இடது ஓரமாகத்தான் போக வேண்டும். குதிரையை ஓரத்தில் விட்டு, நீங்கள் வண்டிகளுக்கும் குதிரைக்கும் நடுவில், அதன் வலது பக்கத்தில் நடங்கள். பெரும்பாலான குதிரைகள் இடது பக்கம் நின்று பிடிப்பவருக்கே பழகியிருக்கும். அதனால் முற்றத்திலேயே வலது பக்கம் நின்று நடத்திப் பழக்கிவிட்டு வெளியே வாருங்கள்.

முதல் நாள் கேட்டுக்கு வெளியே இருபது அடி. நில்லுங்கள், சொறிந்துகொடுங்கள், திரும்புங்கள். மறுநாள் ஐம்பது. ஒரு நடைக்கு 15 முதல் 20 நிமிடம் போதும். குதிரை ஒன்றைப் பார்த்து நின்றால் இழுக்க வேண்டாம்; கயிற்றைத் தளர்த்தி, அது பார்க்கட்டும். தலையைத் தாழ்த்தி மூச்சை ஊதிவிட்டால் ஒரு அடி முன்னே கேளுங்கள். வழியில் கிடக்கும் கொதும்பு (தென்னம்பாளையின் ஓடு), காய்ந்த தென்னமட்டை, உரச்சாக்கு எல்லாமே பாடம்தான். ஒவ்வொன்றையும் இரண்டு பக்கமிருந்தும் காட்டுங்கள். ஒரு பக்கமிருந்து பார்த்துப் பழகியது மறுபக்கமிருந்து வேறு கோணத்தில் புதிதாகத் தெரிந்து மிரளும் குதிரைகள் நிறைய. போகும்போது பயப்படாத மைல்கல்லுக்குத் திரும்பி வரும்போது துள்ளுவது அதனால்தான்.

நீளக் கயிற்றில் பின்னின்று ஓட்டுதல்

முன்னால் ஆள் இல்லாமல் நடக்கும் துணிச்சலைக் கற்பிக்க இதைப்போன்ற பாடம் வேறில்லை. ஏழு, எட்டு மீட்டர் நீளமுள்ள இரண்டு கயிறுகள். அங்கவடிகள் (சேணத்தில் கால் வைக்கும் வளையங்கள்) இரண்டையும் வயிற்றுக்கடியில் ஒரு வாரால் சேர்த்துக் கட்டி, கயிறுகளை அவற்றின் வழியே கோத்துக் கொண்டுவாருங்கள். உதை எட்டாத தூரத்தில், நேர் பின்னால் போகாமல் சற்றே பக்கவாட்டில் நடங்கள். முதல் சில தடவை தலைப்பக்கம் ஓர் உதவியாள் கயிறு பிடிக்காமல் கூட நடக்கட்டும். பிறகு அவர் மெல்லப் பின்தங்கட்டும். முற்றத்தில் எட்டுப் போட்டுத் திருப்ப முடிந்த பிறகே வழிக்கு இறங்குங்கள். கயிறு பின்னங்காலில் உரசினால் உதைக்கும் குதிரைக்கு, முதலில் நிற்கவைத்துக் கால்களைச் சுற்றிக் கயிறு படுவதைப் பழக்க வேண்டும்.

துணையோடு, பிறகு விலகி

அமைதியான வயதுக்குதிரை ஒன்று கிடைத்தால் இரண்டு மூன்று வாரம் அதன் பின்னால் ஓட்டுங்கள். அதோடு நின்றுவிட்டால் உங்கள் குதிரை இன்னொன்றின் வாலைப் பார்த்து நடக்க மட்டுமே கற்கும். அடுத்து பக்கத்தில், அதற்கடுத்து முன்னால். முன்னால் விடுவதை வீடு திரும்பும் வழியில் தொடங்குங்கள், அப்போது அதற்கே போக ஆசை இருக்கும். இடைவெளியை இரண்டு குதிரை நீளம், பத்து, இருபது என்று கூட்டுங்கள். கடைசியில், பிரிந்து சேரும் வழி ஒன்றைத் தேர்ந்து ஆளுக்கொரு பக்கம் போய் மறுமுனையில் சேருங்கள். பிரிந்தால் மறுபடி சேருவோம் என்று அது தெரிந்துகொள்ளும் இடம் இதுதான்.

துணைக்குதிரை கிடைக்காதவர்கள் மனம் தளர வேண்டாம். குதிரைக்குப் பழக்கமான ஒருவர் கூட நடந்து வரட்டும், முதலில் தலைக்குப் பக்கத்தில், பிறகு வாலுக்குப் பின்னால், பிறகு சைக்கிளில் அம்பதடி தள்ளி. சில குதிரைகளுக்கு இது இன்னும் நன்றாகவே வேலை செய்யும்.

முதல் தனிச் சவாரி

காற்று குறைந்த நாள், காலை ஆறு முதல் ஏழரைக்குள். முந்தைய நாள் முற்றத்தில் லேசாக வேலை கொடுத்திருக்க வேண்டும். இரண்டு நாள் கட்டிவைத்த குதிரையை நேரே வெளியே எடுக்காதீர்கள். களைப்படையும்வரை ஓடவைத்துக் கொண்டுபோவதும் தவறு. களைத்த உடம்பில் பயம் குறையாது, கற்றுக்கொள்ளும் சக்திதான் குறையும்.

தலைக்கவசம் கட்டாயம். போன் உங்கள் உடம்பில் இருக்கட்டும், சேணப்பையில் வைத்தால் குதிரையோடு போய்விடும். குதிரையின் கழுத்தில் ஒரு வார் கட்டிவிடுங்கள். அது துள்ளும்போது பிடித்துக்கொள்ள அதுவே உதவும். லகானைப் பிடித்துத் தொங்கினால் வாய்தான் வலிக்கும். எந்த வழியில் போகிறீர்கள், எத்தனை மணிக்குத் திரும்புவீர்கள் என்று வீட்டில் சொல்லிவிட்டுப் போங்கள்.

வழி, நீங்கள் கையில் பிடித்து நடத்திய அதே வழி. போன வழியே திரும்பாமல் சுற்றி வரும்படி அமைந்தால் மிக நல்லது. 'இங்கேதான் திரும்புவோம்' என்று ஓர் இடத்தைக் குதிரை மனப்பாடம் செய்துவிட்டால் அங்கே தானாகவே திரும்பத் தொடங்கும். முதல் தடவை பத்து நிமிடம், நடை மட்டும். நாலைந்து தடவை அமைதியாக முடிந்த பிறகு ஐந்து நிமிடம் கூட்டுங்கள். வாரத்தில் மூன்று நாலு நாள் வெளியே, இரண்டு நாள் முற்றத்தில், ஒரு நாள் முழு ஓய்வு. ட்ராட்டை (துள்ளுநடை ஓட்டத்தை) வீட்டிலிருந்து விலகிப் போகும்போது மட்டும் கேளுங்கள். வீட்டை நோக்கி எப்போதும் நடைதான். வாசலுக்கு வந்ததும் உடனே இறங்கித் தீனி போடாமல், ஒரு நாள் வாசலைத் தாண்டி ஐம்பதடி போய் வாருங்கள். ஒரு நாள் முற்றத்தில் ஐந்து நிமிடம் வேலை கொடுங்கள். வீடு என்றால் உடனே விடுதலை என்ற கணக்கு அப்போதுதான் உடையும்.

மிரட்சி வருமுன் அதன் அடையாளம்

குதிரை திடீரென்று மிரண்டது என்று சொல்வார்கள். பெரும்பாலும் அது முன்கூட்டியே சொல்லியிருக்கும். முதலில் ஒரு காது ஒரே பக்கம் நிலைக்கும். பிறகு நடையின் நீளம் குறையும். கழுத்து உயர்ந்து, சேணத்துக்கடியில் முதுகு பலகைபோல் விறைக்கும். மூச்சு நிற்கும். அடிக்கடி சாணம் போடும். காதும் நடையும் மாறும்போதே நீங்கள் வேலையைத் தொடங்க வேண்டும். முதுகு விறைத்த பிறகு வாய்ப்புக் குறைவு, மூச்சு நின்ற பிறகு பாடம் நடக்காது.

பயம் சேர்ந்துகொண்டே போகும் என்பதையும் நினைவில் வையுங்கள். காலையில் காற்று, வழியில் நாய், அடுத்து மீன் விற்கும் பைக்கின் ஹாரன். மூன்றையும் தனித்தனியே தாங்கிய குதிரை நாலாவதாக ஒரு கொக்கு பறந்ததற்குத் தூக்கி எறியும். கொக்கு மேல் பழி போடாமல், இரண்டாவது அதிர்ச்சியிலேயே அன்றைய வழியைச் சுருக்குங்கள்.

இடது ஓரத்து வேலியில் ஏதோ அசைகிறது என்று வையுங்கள். குதிரை வலது பக்கம், அதாவது வண்டிகள் வரும் பக்கம் ஒதுங்கும். அதன் தலையை லேசாக வலது பக்கம் திருப்பி, உங்கள் வலது காலால் உடம்பை ஓரத்தோடு வைத்திருங்கள். பயப்படும் பொருளை நோக்கித் தலையைத் திருப்பி இழுத்தால் தோள் சாலைக்குள் போகும். பார்வை பொருளின் மேல் வேண்டாம், அதைத் தாண்டி இருபதடியில் ஓரிடத்தைப் பாருங்கள். மூச்சை நீளமாக விடுங்கள். ஏதாவது பேசிக்கொண்டே போனால் உங்கள் மூச்சு தானாக ஓடும். தாண்டியதும் லகானைத் தளர்த்திச் சொறிந்துகொடுங்கள். இரண்டு லகானையும் சேர்த்து இறுக்குவதுதான் இங்கே நடக்கும் பெரிய தவறு. தூரத்தில் உள்ளதைத் தெளிவாகப் பார்க்கக் குதிரைக்குத் தலையை உயர்த்தவும் தாழ்த்தவும் வேண்டும். இறுக்கினால் பார்க்க முடியாது, போகவும் முடியாது. ஓட வழி அடைபட்ட குதிரைதான் பின்னங்கால்களில் எழும்பி நிற்கும்.

நின்றுவிட்டால், சுழன்றால், எழும்பினால்

நின்றுவிட்டால் நீங்களும் நில்லுங்கள். பத்து எண்ணுங்கள். பிறகு முன்னே கேளுங்கள். ஓர் அடி வைத்தாலும் உங்கள் கால் அழுத்தத்தை விடுங்கள். முன்னே வராவிட்டால் பக்கவாட்டில் ஓர் அடி கேளுங்கள். ஏதாவது ஒரு பக்கம் கால் நகர்ந்தால் பேச்சு தொடங்கிவிட்டது. இடது பக்கம் சுழன்றால் முழு வட்டம் போகவிடாமல் வலது லகானை வலப்புறமாக விரித்துப் பிடித்து, சுழன்று வந்த வழியே திருப்பி நிறுத்துங்கள். அதே பக்கம் சுற்றிக்கொண்டே இருந்தால் சுழலும் வழக்கம் படிந்துவிடும்.

எழும்பினால் கைகளை முன்னே விட்டு, உடம்பைக் கழுத்தோடு சாய்த்து, கழுத்து வாரைப் பிடியுங்கள். பின்னே இழுத்தால் குதிரை உங்கள் மேல் மல்லாந்து விழும். தரைக்கு வந்ததும் முன்னே அனுப்புங்கள். இது இரண்டாம் முறை நடந்தால் வீட்டில் தீர்க்க முயல வேண்டாம். வாய், முதுகு, வயிறு மூன்றையும் மறுபடி மருத்துவரிடம் காட்டிவிட்டு, அனுபவமுள்ள பயிற்சியாளரைக் கூப்பிடுங்கள். ஓடத் தொடங்கினால் இரண்டு கையாலும் தொடர்ந்து இழுக்காமல் விட்டு விட்டு இழுங்கள்; இடம் இருந்தால் பெரிய வட்டமாகத் திருப்புங்கள். தார்ச்சாலையில் ஒரே லகானைப் பிடித்து வெடுக்கென்று திருப்பினால் லாடம் வழுக்கிக் குதிரையே விழும்.

நிலைமை கைமீறும் என்று தோன்றினால் இறங்கி நடத்திச் செல்லுங்கள். இறங்கியவுடன் வீட்டுப் பக்கம் திரும்பாமல் இருபதடி முன்னே நடத்தி, நிற்கவைத்து, அமைதியான பிறகு திரும்பினால் அன்றைய பாடம் தோற்கவில்லை.

குமரியின் வழிகளும் பருவங்களும்

நாஞ்சில் நாட்டில் தொடங்க ஏற்ற வழி சானல்கரை, அதாவது பாசனக் கால்வாயின் கரை. அகலமும் நேரும் உள்ள, வண்டி குறைந்த கரையாகப் பாருங்கள். தண்ணீர் ஓடும் சத்தம், மடையில் விழும் இரைச்சல், குளிப்பவர்கள், துணி அடிக்கும் சத்தம் இவற்றைக் கையில் பிடித்து நடத்தும்போதே பழக்கிவிடுங்கள். ஒரு பக்கம் தண்ணீர், மறுபக்கம் வயல் இறக்கம் என்றுள்ள ஒடுங்கிய கரை ஒதுங்க இடம் தராது; அங்கே தனிச் சவாரி கடைசியில்தான். ஏலாவில் (வயல்வெளியில்) கன்னிப்பூ, கும்பப்பூ என்னும் இரு போக நெல் அறுவடைக் காலங்களில் அறுப்பு இயந்திரம் இறங்கும். முந்தைய நாளே விசாரித்து, தூரத்தில் நின்று காட்டுங்கள். தேரூர், சுசீந்திரம் குளங்களில் அக்டோபருக்குப் பிறகு வலசைப் பறவைகள் கூட்டமாக எழும்பும். அந்தக் கரை தேறின குதிரைக்கு.

ஜூன் முதல் செப்டம்பர் வரை ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியே வீசும் காற்று மிக வலுவானது. காதில் காற்று இரைந்தால் மற்ற சத்தம் கேட்காது. கேட்காத குதிரை கண்ணையே நம்பி எல்லாவற்றுக்கும் துள்ளும். தோவாளை, முப்பந்தல் பக்கம் இருப்பவர்கள் அந்த மாதங்களில் முற்றத்து வேலையைக் கூட்டி, வெளியே போவதை விடியற்காலைக்கு மாற்றுங்கள். காற்றாலை இறகின் நிழல் காலையிலும் மாலையிலும் நீண்டு தரையில் ஓடும். அந்த நிழல் விழாத நேரத்தில் அந்த வழியைப் பழக்கிய பிறகே நிழலில் விடுங்கள்.

கல்குளம், விளவங்கோடு பக்கத்து ரப்பர் தோட்டங்களில் வேறு சிக்கல். வெயிலிலிருந்து நிழலுக்குள் நுழையும்போது குதிரையின் கண் இருட்டுக்குப் பழக நம் கண்ணைவிட அதிக நேரம் எடுக்கும். நுழைவில் நிறுத்தி அரை நிமிடம் கொடுங்கள். பால்வெட்டுபவர்கள் விடியுமுன் தலையில் விளக்கோடு நடப்பார்கள். மரத்துக்கு மரம் நகரும் அந்த வெளிச்சம் இளங்குதிரையைக் கலைத்துவிடும். மழைக்காலத்தில் மரங்களில் கட்டும் பிளாஸ்டிக் படபடக்கும். அதே பிளாஸ்டிக்கில் ஒரு துண்டை லாயத்துத் தூணில் கட்டிவைத்தால் பாதி வேலை முடிந்தது. செம்மண் சரிவு நனைந்தால் லாடம் நிற்காது. பேச்சிப்பாறை, கீரிப்பாறைக்கு மேலே காட்டு வழிகளில் யானை நடமாட்டம் உண்டு, வனத்துறை அனுமதியும் வேண்டும். அந்தப் பக்கம் பழக்கும் இடமே இல்லை.

திருவிழா வெடிக்குப் பழக்குவதாகச் சொல்லி வெடிக்குப் பக்கத்தில் கொண்டு நிறுத்துவது கொடுமை. தீபாவளி, கோட்டாறு சவேரியார் திருவிழா, சுசீந்திரம் மார்கழித் தேர், மாசியில் மண்டைக்காட்டுக் கொடை என்று உங்கள் ஊர்ப்பக்கம் எது நடந்தாலும் அந்த நாட்களில் வெளிச் சவாரியை நிறுத்திவைத்து, துணையோடு லாயத்தில் புல்லுடன் விடுங்கள்.

சங்குத்துறை, சொத்தவிளைக் கடற்கரைகளைப் பார்த்ததும் எல்லோருக்கும் ஆசை வரும். அலை முன்னும் பின்னும் நகர்வதைப் பார்த்துக் குதிரை பக்கவாட்டில் ஓடும். இழுத்துப் போட்ட வலையும் கயிறும் காலில் சிக்கும். இளகிய மணல் தசைநாரைக் கெடுக்கும். உள்நாட்டு வழிகளில் 40 நிமிடம் தனியே அமைதியாகப் போய்வரும் குதிரையை மட்டும், கூட்டமில்லாத வாரநாள் காலையில், முதல் இரண்டு தடவை துணையோடு, ஈரத்தோடு இறுகிய மணலில் பத்து நிமிடம் நடத்துங்கள்.

பின்னடைவு வரும்

நன்றாகப் போய்க்கொண்டிருந்த குதிரை ஆறாவது, ஏழாவது வாரத்தில் கேட்டிலேயே நின்றுவிடலாம். காரணம் பெரும்பாலும் மூன்றில் ஒன்று: நேரத்தை வேகமாகக் கூட்டிவிட்டோம், சேணம் பொருந்தாமல் போயிற்று, அல்லது நாம் கவனிக்காத ஒரு பயம் சென்ற சவாரியில் நடந்தது. முதுகையும் வாயையும் பார்த்து, அது கடைசியாக நிம்மதியாகப் போன தூரத்தைக் கண்டுபிடித்து, அதிலும் பாதியில் தொடங்குங்கள். பழைய தூரத்தை மறுபடி எட்ட முதல் முறையைவிடக் குறைந்த நாளே பிடிக்கும். தேதி, வழி, நிமிடம், எங்கே காது நிலைத்தது என்று ஒரு நோட்டில் எழுதிவந்தால் அந்தப் பாதியைத் தேட வேண்டியிருக்காது. மொத்தமாக, பயந்த சுபாவமுள்ள குதிரை அரை மணி நேரம் தனியே போய்வர நாலு முதல் ஆறு மாதம் என்று கணக்கு வைத்து, அதற்கு முன் அதை விற்பனைக்கோ மற்றவர் சவாரிக்கோ கொடுக்காதீர்கள்.